காத்தாடி சுத்தணும், தூணு நிக்கணும்

"ஏல மாசானம், எந்த ட்ரைபாட் வாங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேம்ல. கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிக்கு."

கேட்டது தாணம்மாள் டீச்சர்.

தரையில உக்காந்திருந்த மாசானம் அண்ணன் சட்டுனு எழுந்திரிச்சாரு. பேன்ட்டுல ஒட்டின மண்ணைத் தட்டினாரு. கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"உங்களால தூக்கிட்டு நடக்க முடிஞ்சதை வாங்குங்க டீச்சர்."

"இதைச் சொல்ல நீ எதுக்குல? ஒரு கழுதைகிட்ட கேட்டா அதுவே சொல்லும்."

நாங்க சிரிச்சோம். அண்ணன் சிரிக்கல.

மாசானம் அண்ணன் எங்களுக்கு போட்டோ எடுக்கச் சொல்லித் தாற குரு. ஆரல்வாய்மொழிக் கணவாயில, காத்தாலைகளுக்கு நடுவுல ஒரு பொட்டல்தான் எங்க பள்ளிக்கூடம். அங்க கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது. காத்து உண்டு. ஆடி மாசத்துல வேற எதுவுமே கிடையாது, காத்து மட்டும்தான்.

தாணம்மாள் டீச்சர் கடைசியா வந்து சேர்ந்த சிஷ்யை. வயசு அறுபதைத் தாண்டியாச்சு. ரிட்டயர்டு பிசிக்ஸ் டீச்சர். ஒரு காலத்துல மாசானம் அண்ணனுக்கே பாடம் நடத்தினவங்க.

அப்ப யாருக்கு யாரு குரு?

அது அவங்க ரெண்டு பேருக்குமே தெரியல. சிஷ்யை 'ஏல'ன்னு கூப்பிடுவாங்க. குரு கையைக் கட்டிக்கிட்டு பதில் சொல்லுவாரு.

எம் பேரு ஜெபசீலி. வள்ளியூர்க்காரி. நான் டீச்சர்ட்ட படிக்கல, அதனால எனக்கு அவங்ககிட்ட பயம் கிடையாது. வாய் மட்டும் உண்டு.

ஒண்ணு சொல்லிருதேன். எங்க அண்ணன் எடுத்த படம் ஆடாது. குமரியில இருந்து கோயமுத்தூரு வரைக்கும் எவன் வேணா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கட்டும். நாங்க மாசானம் அண்ணன் ஆளுங்கன்னு சொன்னா, அந்தப் பேருக்கே ஒரு கெத்து உண்டு.

அவரு வைக்கிற பரீட்சை ஒண்ணே ஒண்ணுதான்.

"காத்தாடி சுத்தணும். தூணு நிக்கணும்."

காத்தாடின்னா காத்தாலை. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். கேமரா ஷட்டரை மெதுவா மூட விட்டா, அதோட சிறகு படத்துல புகையா சுத்தும். ஆனா அதைத் தாங்குத தூணு துளி ஆடாம நிக்கணும். கேமரா ஒரு மயிரிழை அசைஞ்சாலும் தூணு ரெண்டாத் தெரியும். ரெண்டாத் தெரிஞ்சா பெயில்.

பாஸானவங்களைத்தான் முகிலடி மலைக்குக் கூட்டிட்டுப் போவாரு. "மேல இருக்கிற காத்துக்கு முன்னால இதெல்லாம் விசிறி" என்பாரு.

டீச்சருக்கு அந்த மலைக்குப் போயே ஆகணும்.

காரணம் இருக்கு. அவங்க பாடம் நடத்தின கிளாஸு ஜன்னல்ல அந்த மலை தெரியும். மேகம் அதோட உச்சியில ஏறி, இந்தப் பக்கம் பால் பொங்குத மாதிரி வழியும். "பாருங்கல, மேகம் எப்படி உண்டாகுதுன்னு" அப்படின்னு அதைக் காட்டியே ஆயுசு பூரா பாடம் நடத்தியிருக்காங்க. ஆனா ஒரு நாளும் ஏறினதில்ல.

இப்ப அந்தப் பள்ளிக்கூடத்துல புது லேப் கட்டியிருக்காங்க. சுவத்துல மாட்ட ஒரு மேகப் படம் வேணும்னு பேச்சு வந்திருக்கு. நெட்டுல இருந்து ஒண்ணை இறக்கிப் போடலாம்னு யாரோ சொல்லியிருக்கான்.

டீச்சர் அந்தக் கூட்டத்துல எழுந்திரிச்சு நின்னாங்களாம். "எவனோ எடுத்த மேகம் எங்க சுவத்துக்கு வேண்டாம். நம்ம மலையை நான் எடுத்துத் தாரேன்"ன்னு சொல்லிட்டாங்களாம்.

சொன்னா சொன்னதுதான். தாணம்மாள் டீச்சர் சொல்லு மாறினதா சரித்திரம் இல்ல.

வழியுத மேகத்தை எடுக்கணும்னா ஷட்டரை மெதுவா விடணும். அதுக்கு ட்ரைபாட் வேணும், கேமராவைத் தாங்குத மூணு காலு.

ஆனா டீச்சருக்குக் கழுத்தெலும்பு தேய்மானம். தோள்ல கனம் ஏத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கனமான ட்ரைபாட் எடுத்தா கழுத்து நிக்காது. லேசானதை எடுத்தா படம் நிக்காது.

இதுதான் டீச்சரோட சங்கடம்.

மொதல்ல டீச்சர், அவங்க கூடப்பொறந்த அண்ணனோட மகன் கல்யாண வீட்டுல படம் எடுக்கக் கொண்டுபோற ட்ரைபாட்டைக் கொண்டுவந்தாங்க. கொக்கு காலு மாதிரி இல்ல, யானைக் காலு. ரோட்டுல இருந்து பொட்டலுக்கு ஏறுததுக்குள்ள டீச்சர் முகம் சுண்டிப்போச்சு.

"குடுங்க டீச்சர், நான் தூக்குதேன்" அப்படின்னேன்.

"மலையில நீயாட்டி தூக்குவ?"

"தூக்குதேன்."

"என் படத்தை என் தோள்தான் சுமக்கணும். போ அங்க."

அடுத்தாப்புல கார்பன் ட்ரைபாட் ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. மடக்கினா குடை அளவு. தோள்பையில வச்சா இருக்கிறதே தெரியாது. டீச்சருக்குப் பெருமை தாங்கல. ஒத்தை விரல்ல தூக்கி எல்லார்ட்டயும் காட்டினாங்க.

"ஏல, பாருல. இறகு!"

அண்ணன் பாத்தாரு. தலையை மட்டும் ஆட்டினாரு.

டீச்சர் காலை ஒவ்வொண்ணா இழுத்து விட்டாங்க. கட்டைக் காலுக்குள்ள இருந்து ஒல்லிக் காலு வந்துச்சு. அதுக்குள்ள இருந்து பென்சில் காலு வந்துச்சு. அதுவும் பத்தல. நடுத்தண்டையும் மேல உருவி விட்டாங்க. கேமரா அவங்க கண்ணுக்கு நேரா வந்து நின்னுச்சு.

நிமிந்த தலை குனியாம, கஞ்சி போட்ட காட்டன் சேலை கசங்காம படம் எடுத்தாங்க.

டீச்சர் எப்பவும் அப்படித்தான். வீட்டுல தரையில சம்மணம் போட்டு உக்காந்து அருவாமனையில மீன் நறுக்குததை நானே பாத்திருக்கேன். வெளிய வந்துட்டா உக்கார மாட்டாங்க. கிளாஸுல நாக்காலியே வச்சுக்கிட்டது இல்லையாம். பஸ்ஸுல எவனாவது எழுந்திரிச்சு இடம் குடுத்தாலும், "நீ உக்காருல, நான் நின்னே பழகினவ" என்பாங்க. ஊர்ல பாதி பேரு அவங்ககிட்ட படிச்சவன். படிச்ச பிள்ளைகளுக்கு முன்னால டீச்சர் நிமிந்துதான் நிப்பாங்க.

படத்தை அண்ணன்கிட்ட நீட்டினாங்க.

அண்ணன் பாத்துட்டுச் சொன்னாரு. "தூணு ஆடுது டீச்சர்."

"காத்தைப் பாருல! ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். இந்தக் குச்சி எம்மாத்திரம்?"

"உங்க வீட்டு அம்மி பறந்துச்சா டீச்சர்?"

டீச்சர் முறைச்சாங்க.

"அது எப்படில பறக்கும்? அது பாட்டுக்குத் தரையில கெடக்கு."

"சரி டீச்சர்" அப்படின்னு சொல்லிட்டு அண்ணன் வாயை மூடிக்கிட்டாரு.

டீச்சர் தன் ட்ரைபாட்டைத் தட்டிப் பாத்தாங்க. அப்புறம் முகம் மலர்ந்துச்சு.

"புரிஞ்சுதுல. கனம்! அம்மிக்குக் கனம் இருக்கு. இதுக்கு இல்ல."

மறுநாள் ஒரு துணிப்பையில கல்லை அள்ளிப் போட்டு, நடுத்தண்டுக்குக் கீழ இருக்கிற கொக்கியில தொங்கவிட்டாங்க. அடிக்கிற காத்துல பை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிச்சு. பை ஆட, ட்ரைபாட் ஆட, தூணு மூணாத் தெரிஞ்சுது.

"ஊசல்" அப்படின்னாங்க டீச்சர். ஊசல் எப்படி ஆடும், கயிறு நீளமானா என்ன ஆகும்னு எங்களுக்கு ஒரு பாடமே நடத்தினாங்க. அற்புதமா நடத்தினாங்க. படம் மட்டும் பெயில்.

எனக்கு வாய் சும்மா இருக்காதுல்லா. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" அப்படின்னு முணுமுணுத்தேன்.

"காதுல விழுந்துச்சுட்டி" என்றாங்க டீச்சர்.

அதுக்குள்ள நான் இன்னொண்ணைக் கவனிச்சுட்டேன். அதைக் கவனிச்ச நாளுல இருந்து எனக்கு ராத்திரி சோறு இறங்கல.

எங்க அண்ணன் படமும் ஆடிச்சு.

ஏசப்பா! நானே மொதல்ல நம்பல. அவரு கேமராவைப் பின்னால இருந்து எட்டிப் பாத்தேன். தூணு ரெண்டாத் தெரியுது. அடுத்த நாளும் பாத்தேன். அதுவும் ஆட்டம். டீச்சருக்குப் பக்கத்துல, டீச்சர் மாதிரியே தண்டை உருவிவிட்டு, நின்னுக்கிட்டே எடுக்காரு. எடுத்ததை ஒண்ணும் பேசாம பையில வச்சுக்கிடுதாரு.

"அண்ணே, என்னண்ணே ஆச்சு உங்களுக்கு?" அப்படின்னு தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காத்து" அப்படின்னாரு.

"போன ஆடியில காத்து அடிக்கலையாக்கும்?"

"அடிச்சுது."

"அப்ப டீச்சருக்காவது வழியைச் சொல்லிருங்களேன். மலைக்குப் போற கூட்டத்துல சீட்டு ஒண்ணுதான் பாக்கி இருக்கு. நாளைக்குப் பேரு எழுதிக் குடுக்கணும். பாவம், வாக்குக் குடுத்துட்டு அலையுதாங்க."

அண்ணன் டீச்சர் நின்ன பக்கம் பாத்தாரு.

"எங்க டீச்சருக்குச் சொல்லித் தாற அளவுக்கு நான் இன்னும் வளரல ஜெபா."

எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. இது என்ன மரியாதை, ஒருத்தர் வழி தெரியாம முழிக்கும்போது வாயைக் கட்டிக்கிட்டு நிக்கிற மரியாதை? மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

கடைசி நாளு சாயங்காலம் வந்துச்சு.

அன்னைக்குன்னு பாத்து நாகர்கோவில்ல இருந்து போட்டோ கிளப்காரங்க கொஞ்ச பேரு வந்திருந்தாங்க. அதுல தொப்பி போட்ட ஒருத்தன். கழுத்துல ரெண்டு கேமரா, இடுப்புல நாலு பை. அண்ணன் கேமராவைப் பாக்கலாமான்னு கேட்டான். அண்ணன் மறுக்கல, குடுத்துட்டாரு.

அவன் படத்தைப் பெருசாக்கிப் பாத்தான். அவன் கூட்டாளிகளைப் பாத்தான்.

"இவருதான் ஆடாத மாசானமா? தூணு டான்ஸ் ஆடுதே!"

எல்லாரும் சிரிச்சானுவ. என் மூஞ்சியில கரியைப் பூசின மாதிரி இருந்துச்சு. அண்ணன் கேமராவை வாங்கிக்கிட்டு சும்மா நின்னாரு.

அந்தச் சிரிப்பு டீச்சர் காதுல விழுந்துச்சு.

அவங்க தன் கேமராவை விட்டுட்டு விறுவிறுன்னு வந்தாங்க. தொப்பிக்காரன் முன்னால வந்து நின்னாங்க.

"யாரைப் பாத்துல சிரிக்கே?"

"இல்லம்மா, சும்மா..."

"இவன் எம் பிள்ளை. நான் படிச்சுக் குடுத்த பிள்ளை. ஒளி எப்படி வளையும்னு மொத கேள்விலயே பதில் சொன்ன பிள்ளை. இவன் படம் ஆடாது. உன் கண்ணுதான் ஆடுது. போ!"

தொப்பிக்காரன் ஒதுங்கிட்டான்.

டீச்சர் அண்ணன் பக்கம் திரும்பினாங்க. மூச்சு வாங்குச்சு.

"குடுல அதை."

அண்ணன் தயங்கினாரு.

"குடுன்னு சொல்லுதேம்லா."

குடுத்தாரு. டீச்சர் படத்தைப் பாத்தாங்க. பெருசாக்கினாங்க. அவங்க முகத்துல இருந்த வீறாப்பு அப்படியே வடிஞ்சுபோச்சு.

தூணு ரெண்டாத்தான் தெரிஞ்சுது.

முந்தின படத்தைத் தள்ளினாங்க. அதுவும் ஆட்டம். அதுக்கு முந்தினது. அதுவும் அப்படித்தான். பரீட்சைப் பேப்பர் திருத்துத மாதிரி ஒவ்வொண்ணா, பழைய படம் வரைக்கும் பாத்துக்கிட்டே போனாங்க.

ஒரு இடத்துல விரல் நின்னுச்சு.

அதுக்கு முன்னால எடுத்த படமெல்லாம் சுத்தம். சிறகு புகையா சுத்துது. தூணு சாமி கும்பிடலாம் போல நிக்குது.

"ஏல, எப்பல இருந்து உனக்கு மார்க்கு குறைஞ்சுது?"

அண்ணன் கேமராவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாரு.

"கேக்கேம்லா?"

"நீங்க வந்ததுல இருந்து டீச்சர்."

"நான் வந்தா உனக்கு என்னல?"

அண்ணன் தன் காலைப் பாத்தாரு.

டீச்சர் பழைய படத்தைத் திரும்பப் பாத்தாங்க. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டு, கிட்ட வச்சுப் பாத்தாங்க.

"இதுல புல்லு நுனியெல்லாம் தூணு உசரத்துக்குத் தெரியுதே. எங்க இருந்து எடுத்த?"

"தரையில இருந்து டீச்சர். காலை இழுக்காம, தண்டை உருவாம, உக்காந்து எடுத்தது."

"அதே ட்ரைபாட்டா?"

"அதே ட்ரைபாட்தான். உங்களுது மாதிரி இறகுதான்."

"பொறவு இப்ப ஏம்ல நின்னுக்கிட்டு எடுக்கே?"

காத்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் கையைக் கட்டினாரு.

"நீங்க நிக்கியளே டீச்சர்."

டீச்சர் நெத்தியில இருந்த கண்ணாடியை இறக்கி மாட்டினாங்க.

அண்ணனைப் பாத்தாங்க. தூரத்துல நின்ன தொப்பிக்காரனைப் பாத்தாங்க. காத்துல நடுங்கிக்கிட்டு நின்ன தன் ட்ரைபாட்டைப் பாத்தாங்க. கடைசியா, மடிப்புக் கலையாத தன் சேலையைப் பாத்தாங்க.

"கிறுக்குப் பயல" அப்படின்னாங்க.

நேரா ட்ரைபாட்கிட்ட போனாங்க. நடுத்தண்டை ஒரே அமுக்கா அமுக்கினாங்க. பென்சில் காலை உள்ள தள்ளினாங்க. ஒல்லிக் காலையும் தள்ளினாங்க. கொக்கியில இன்னும் தொங்கிக்கிட்டிருந்த கல்லுப் பை தரையில உக்காந்துச்சு.

அப்புறம் தாணம்மாள் டீச்சர், பாதி ஊருக்குப் பாடம் நடத்தின தாணம்மாள் டீச்சர், அந்தச் செம்மண்ணுல சம்மணம் போட்டு உக்காந்தாங்க.

வாயுள்ள எனக்கே ஒரு வார்த்தை வரல.

அண்ணன் இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தாரு.

டீச்சர் திரும்பிப் பாக்கல. பக்கத்துல மண்ணைத் தட்டிக் காட்டினாங்க.

"உக்காருல."

அண்ணன் உக்காந்தாரு.

ரெண்டு ட்ரைபாட், ரெண்டும் முழங்காலு உசரம். ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஷட்டரை அமுக்கினாங்க. மேல காத்து உறுமிக்கிட்டுப் போச்சு. கீழ அது புல்லை மட்டும்தான் ஆட்டிச்சு.

டீச்சர் தன் படத்தைப் பாக்கல. அண்ணன் கேமராவை இழுத்து, அவரு படத்தைத்தான் மொதல்ல பாத்தாங்க. பெருசாக்கினாங்க. இன்னும் பெருசாக்கினாங்க.

தூணு ஒண்ணுதான். நட்ட கல்லு மாதிரி ஒண்ணே ஒண்ணு.

அதுக்குள்ள அண்ணன் டீச்சரோட கேமராவை எடுத்துப் பாத்துட்டாரு. அதுலயும் தூணு ஒண்ணுதான். அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு.

"டீச்சர், மலைக்குச் சேலை சரிப்படாது. அட்டை கடிக்கும்."

"அது கெடக்கட்டும்" என்றாங்க டீச்சர், அண்ணன் கேமராவைக் கையை விடாம, தரையில இருந்து எழுந்திரிக்காமலே.

"ஏட்டி ஜெபா, அந்தத் தொப்பிக்காரனைக் கூப்பிடு."